ஒப்பிட்டு எழுதக் கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு பாடல்களை ஒப்பிடுக என்றவுடன், தாளின் நடுவே கோடு கிழித்து ஒற்றுமை, வேற்றுமை என்று நிரப்பும் பழக்கத்தை மாணவர்களிடம் வளர்த்தவர்கள் ஆசிரியர்களாகிய நாமே. அட்டவணை போடுவதில் குற்றமில்லை. பாடலை இரண்டாம் முறை படிப்பதற்கு முன்பே அதைப் போடச் சொல்வதுதான் தவறு.

காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் புறநானூறு 278ஆம் பாடலையும், ‘மக்கட்பேறு’ அதிகாரத்தின் 69ஆம் குறளையும் எடுத்துக்கொள்வோம். மகன் போரில் பின்வாங்கினான் என்று பலர் கூறக் கேட்ட, நரம்பு புடைத்து வற்றிய தோளையுடைய முதியவள், அது உண்மையானால் அவன் பாலுண்ட முலையை அறுத்திடுவேன் என்று சினந்து, வாளோடு களம் புகுந்து, பிணங்களைப் புரட்டித் தேடி, சிதைந்து கிடந்த மகனைக் கண்டு ‘ஈன்ற ஞான்றினும் பெரிது’ உவக்கிறாள். குறளின் தாயோ மகனைச் சான்றோன் எனக் கேட்டு ‘ஈன்ற பொழுதின்’ பெரிதுவக்கிறாள்.

சொற்கள் இவ்வளவு நெருங்கி நிற்பதால், ‘இரண்டும் தாயின் பெருமிதத்தைப் பாடுகின்றன’ என்று மாணவர் எழுதி நிறுத்திவிடுகிறார்; நாமும் முழு மதிப்பெண் கொடுத்துவிடுகிறோம். மற்ற தவறுகளைவிட இதுவே பெரிது என்பேன். பொதுக்கருத்தைக் கண்ட இடத்திலிருந்து மாணவரை வினைச்சொற்களின் பக்கம் திருப்ப வேண்டும். குறளின் தாய்க்குக் கேட்டதே போதுமானதாக இருக்கிறது. சொன்னவர்கள் அறிவுடையோர் என்று பரிமேலழகர் உரையில் சேர்க்கிறார். புறநானூற்றுத் தாய் கேட்டது பழிச்சொல். அவள் கண்ணால் காணாமல் அமைதியடைய மாட்டாள். எந்தத் தாய் யார் சொல்லை நம்பினாள் என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பே பேசத் தொடங்கிவிடும்.

‘ஒன்று ஆசிரியப்பா, மற்றது குறள் வெண்பா’ என்பதை அப்படியே வேற்றுமையாக ஏற்றுக்கொள்வதும் சரியன்று. குறள் மகிழ்ச்சியை முன்னால் சொல்லிக் காரணத்தைப் பின்னால் வைத்து, ‘தாய்’ என்ற சொல்லில் முடிகிறது. புறப்பாடலோ ஒன்பது அடிகளில் சினத்தையும் தேடலையும் கடத்திச் சென்று, ‘உவந்தனளே’ என்பதைக் கடைசிச் சொல்லாக வைத்திருக்கிறது. வடிவம் பொருளை என்ன செய்கிறது என்பதைச் சொல்லாத வரை, பாவின் பெயர் வெறும் தகவலே.

‘சான்றோன்’ போன்ற பழஞ்சொல்லுக்கு இன்றைய பொருளைப் பொருத்துவது இன்னொரு பிழை. பொன்முடியார் புறநானூறு 312இல் மகனைச் சான்றோன் ஆக்குவது தந்தையின் கடன் என்னும்போது, சுற்றிலும் வேலும் களிறும் நிற்பதால் வீரன் என்ற பொருள் மேலோங்குகிறது. 69ஆம் குறளுக்குப் பரிமேலழகர் கல்வி கேள்விகளால் நிறைந்தவன் என்று உரை காண்கிறார். எது சிறந்த பாடல் என்ற கேள்வியை இந்த வேலை முடியும் வரை எழுப்பவே கூடாது.

278ஆம் பாடலின் துறை, அதாவது பாடலின் சூழலுக்கு மரபு தந்த வகைப்பெயர், ‘உவகைக் கலுழ்ச்சி’. கலுழ்ச்சி என்றால் அழுகை. பாடலிலோ கண்ணீர் என்ற சொல்லே இல்லை. அப்படியானால் துறை வகுத்தவர் அந்தக் கண்ணீரை எந்த அடியில் கண்டார், குறளின் தாய்க்கு அது பொருந்துமா என்பதை மாணவர்களிடமே விடலாம்.