ஹன்டர் போட்டிக்குக் கடிவாளம் வாங்கும்போது எங்கே தவறுகிறோம்?

அமெரிக்காவில் குதிரைத் தாண்டல் போட்டிகளில் முக்கியமானவை இரண்டு: ஜம்பர், ஹன்டர். ஜம்பரில் கடிகாரமும் விழுந்த கம்பும் தீர்ப்பைச் சொல்லிவிடும். குதிரை தலையை உதறிக்கொண்டே ஓடினாலும் கேட்பாரில்லை. ஹன்டரில் நடுவரின் கண்தான் எல்லாம். சீரான வேகம், தளர்ந்த கழுத்து, முன்னோக்கிய காது, முழங்காலை உயர்த்தி முதுகை வளைத்துத் தாண்டும் அழகு ஆகியவற்றுக்குத்தான் மதிப்பெண். காதடியில் கடிவாளத்தின் தோல் வார் குத்தினால் குதிரை காதை மடிக்கும், தலையை ஆட்டும். நடுவருக்கு அது கடிவாளத்தின் குற்றமாகத் தெரியாது; குதிரையின் குணமாகத்தான் தெரியும்.

நரிவேட்டைக் களத்திலிருந்து வந்த பிரிவு இது. வர்ஜீனியாவின் அப்பர்வில் குதிரைக் காட்சி 1853 முதல் நடக்கிறது. அந்தப் பழமை இன்னும் தோலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது: பழுப்பு நிறம், அடக்கமான தையல், வெள்ளி நிறக் கொக்கிகள். கறுப்புத் தோல், வாருக்கடியில் வெள்ளை மெத்தை, கல் பதித்த நெற்றிப்பட்டை எல்லாம் டிரெஸாஜ் எனப்படும் நடைப்பயிற்சிப் போட்டியின் மைதானத்துக்கு உரியவை.

அளவுச் சீட்டை நம்புவது

'காப்' (சிறியது), 'ஃபுல்' (சாதாரணம்), 'ஓவர்சைஸ்' (பெரியது) என்று சீட்டில் போட்டிருப்பதற்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு தயாரிப்பாளரின் ஃபுல் இன்னொருவரின் காப் அளவுக்கு இருக்கும். தையற்காரர் நாடாவை எடுத்து நான்கு இடங்களில் அளந்துவிடுங்கள். வாயின் ஒரு ஓரத்திலிருந்து உச்சி வழியாக மறு ஓரம் வரை; ஒரு காதின் பின்புறத்திலிருந்து நெற்றி வழியாக மறு காதின் பின்புறம் வரை; மூக்குப்பட்டை உட்காரும் இடத்தில் முகத்தைச் சுற்றி; காதடியிலிருந்து தாடைக்கடியில் சுற்றி மறு காதடி வரை. கொக்கிகள் நடுத் துளையில் விழுந்தால் அளவு சரி. கடைசித் துளையில் இழுத்துப் பூட்டியதும் முதல் துளையில் தொங்குவதும் நடுவர் கண்ணிலும் படும்.

அகன்ற நெற்றியும் ஒடுங்கிய வாய்ப்புறமும் கொண்ட குதிரைக்கு எல்லாப் பட்டையும் ஒரே அளவில் வரும் தொகுப்பு பொருந்தாது. நெற்றிப்பட்டை ஃபுல், மூக்குப்பட்டை காப் என்று கலந்து வாங்குவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

நெற்றிப்பட்டையைச் சின்ன விஷயமாக நினைப்பது

அதிகம் கெடுப்பது இதுதான். நெற்றிப்பட்டை அரை அங்குலம் குட்டையானாலும், காதுக்குப் பின்னால் தலையுச்சியில் கிடக்கும் உச்சிப்பட்டையை முன்னே இழுத்துக் காதின் அடிக் குருத்தெலும்பில் அழுத்திவிடும். கடிவாளம் மாட்டும்போது பேசாமல் நின்ற குதிரை, ஐந்து நிமிடம் ஓடியதும் தலையை உதறத் தொடங்கும். ஆளுக்கொரு பிட்டை, அதாவது வாய்க்குள் கிடக்கும் இரும்பை, மாற்றிப் பார்ப்பார்கள். குற்றம் மேலே இருக்கும். நெற்றிப்பட்டைக்கும் நெற்றிக்கும் நடுவே ஒரு விரல் தடையில்லாமல் ஓட வேண்டும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் உச்சிப்பட்டை காதைத் தொடாமல் பின்னால் கிடக்க வேண்டும். உச்சிப்பட்டையில் மெத்தை இருப்பதும் காதுக்கு இடம்விட்டு வெட்டியிருப்பதும் நல்லதே. தோலின் நிறத்திலேயே இருந்தால் தூரத்திலிருந்து யாருக்கும் தெரியாது.

மூக்குப்பட்டை

ஹன்டருக்கு மூக்கைச் சுற்றும் ஒற்றைப் பட்டையான சாதாரண கேவ்சன் மட்டுமே. வாயைத் திறக்கவிடாமல் கட்டும் ஃபிளாஷ், டிராப், எட்டு வடிவப் பட்டை எதுவும் இந்த மைதானத்தில் செல்லாது. வழக்கத்துக்கு மாறான பிட்டுக்கும் மூக்குப்பட்டைக்கும் மதிப்பெண் குறைக்க அமெரிக்கக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் விதி நடுவருக்கு இடம் தருகிறது. முகநரம்பைக் காக்கும் என்று விற்கப்படும் வளைந்து நெளிந்த கடிவாளங்களை வாங்குமுன் இதை யோசிக்க வேண்டும். வீட்டுப் பயிற்சிக்கு அவை இருக்கட்டும்.

கன்ன எலும்பின் முகடு முடியும் இடத்திலிருந்து ஒன்று முதல் இரண்டு விரல் கீழே பட்டை உட்கார வேண்டும். மேலே ஏறினால் எலும்பில் உராயும். கீழே இறங்கினால் மூக்கெலும்பின் மெல்லிய நுனியை அழுத்தும். இறுக்கத்தை மூக்கின் மேல்பக்கம், எலும்பின்மீது பாருங்கள்: இரண்டு விரல் நுழைய வேண்டும். பக்கவாட்டிலோ தாடைக்கடியிலோ விரல் விட்டுப் பார்த்தால், அங்கே சதை அமுங்குவதால் இறுக்கமான பட்டையும் தளர்வாகத் தோன்றும். இறுக்கிய பட்டை கன்னத்தை மேல்கடைவாய்ப் பல்லின் கூர்விளிம்போடு சேர்த்து நசுக்கும். இரட்டித்து இழுக்கும் கிராங்க் வகையில் கை அறியாமலே இறுகிவிடும் என்பதால் கூடுதல் கவனம் தேவை.

குதிரை தலையை மிகையாக உயர்த்தாமல் தடுக்க நெஞ்சுப் பக்கத்திலிருந்து வரும் வாரான ஸ்டாண்டிங் மார்ட்டிங்கேல் இந்தப் பட்டையில்தான் மாட்டப்படுகிறது. ஆகவே தையல் உறுதியாக இருக்க வேண்டும், பட்டை கீழே இறங்கியிருக்கவும் கூடாது. மார்ட்டிங்கேல் வாரை மேலே தூக்கினால் தொண்டை வளைவைத் தொடும் நீளம் போதும். தாண்டும் வகுப்புகளுக்குத்தான் இது. தாண்டல் இல்லாத அண்டர் சேடில், ஹேக் வகுப்புகளில் எந்த மார்ட்டிங்கேலுக்கும் அனுமதியில்லை. அடுத்தடுத்து வகுப்பு வரும்போது கழற்ற மறப்பது வருடாவருடம் யாருக்காவது நடக்கிறது.

தொண்டை வாரைப் பூட்டினால் தாடைக்கும் வாருக்கும் இடையே நான்கு விரல் நுழைய வேண்டும். அவ்வளவுதான்.

தலைக்கேற்ற தடிமன் பார்க்காதது

பெரிய, கனமான தலையில் மெல்லிய வார் கட்டினால் தலை இன்னும் பெரிதாகத் தெரியும். அங்கே அகன்ற, தட்டையான மூக்குப்பட்டை. சிறிய, கூர்த்த முகத்துக்கு ஒடுங்கிய, உயர்ந்து தைத்த பட்டை. சேணத்தின் நிறத்தோடு அச்சாகப் பொருந்த வேண்டியதில்லை, ஒரே குடும்பத்துப் பழுப்பாக இருந்தால் போதும். வெளிர் தோல் எண்ணெய் போடப்போட இருளும்.

லகான் 5/8 அங்குல அகலத்தில், தோல் நாடா பின்னியதாக இருப்பது மரபு. ரப்பர் பூசியது ஜம்பர்காரர்களுக்கு. சாதாரண அளவுக் குதிரைக்கு 54 அங்குலம் தொடக்கம். கழுத்து நீண்ட குதிரைக்கு இன்னும் கொஞ்சம். குட்டையானால் தாண்டும்போது கை முன்னே போக முடியாது, குதிரையின் வாய் இழுபடும். மிக நீண்டதன் வளையத்தில் சவாரிக்காரரின் காலே மாட்டலாம்.

பிட்டில், ஓரத்தில் 'D' வடிவ வளையம் கொண்ட எளிய வகையான டீ வளைய ஸ்னாஃபிளை இங்கே எங்கும் காணலாம். நெம்புகோல் போல இழுக்கும் பெல்ஹாம் போட்டால் இரண்டு லகான் கட்டுங்கள். வாயோரத்தில் 'இரண்டு சுருக்கம்' என்ற பழைய கணக்கு எல்லா உதட்டுக்கும் ஒத்துவராது. பிட் பல்லில் இடிக்காமல், தொங்காமல் இருக்கிறதா என்று உதட்டை விலக்கிப் பாருங்கள்.

போட்டியன்று முதன்முதலாக மாட்டுவது

புதுத் தோல் விறைப்பாக இருக்கும், பிறகு நீளும். இரண்டு மூன்று வாரமாவது பயிற்சியில் பயன்படுத்தி, மெல்லியதாக எண்ணெய் தடவி, அளவை மறுபடி சரிபார்க்க வேண்டும். எண்ணெயில் ஊறப்போட்டால் தையல் நூல் இளகும், தோல் சொதசொதவென்று ஆகிவிடும். வார் நீண்டுவிட்டால் வீட்டில் ஆணியால் துளை போடாதீர்கள். வட்டத் துளைக்கருவியால், மற்ற துளைகளின் இடைவெளியிலேயே போடுங்கள். பழைய கடிவாளத்தில் பிட்டைச் சுற்றி மடியும் இடம்தான் முதலில் வெடிக்கும். கொக்கியைக் கழற்றி மடிப்பைப் பின்னுக்கு வளைத்துப் பாருங்கள். மைதானத்துக்குள் போகுமுன் ஒவ்வொரு வாரின் நுனியும் தோல் வளையத்துக்குள் செருகியிருக்கிறதா என்று ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.