குட்டிகளுக்கு முன்னால் தாயைப் பிடியுங்கள்: தெருப்பூனை மீட்பும் தத்தும்

தெருப்பூனை விஷயமாக என்னை அழைப்பவர்கள் பெரும்பாலும் குட்டிகளைப் பற்றித்தான் பேசுவார்கள். "மொட்டை மாடியில் நாலு குட்டி இருக்கிறது, யாருக்காவது வேண்டுமா?" என்பார்கள். நான் முதலில் கேட்பது, "தாய் எங்கே?" பூனையின் சினைக்காலம் சுமார் 63 நாள். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அது மறுபடியும் சினை பிடிக்கும். நாலு குட்டிக்கும் வீடு தேடி அலைந்து முடிப்பதற்குள் அதே மாடியில் அடுத்த ஈற்று விழுந்திருக்கும். பெண் குட்டி நாலு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடக்கூடும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். தாயை விட்டுவிட்டுக் குட்டிகளை மட்டும் எடுத்துப்போகும் மீட்பை நான் மீட்பாகவே ஏற்பதில்லை.

சென்னையில் சிந்தாதிரிப்பேட்டை மீன் சந்தையை ஒட்டிய தெருக்களிலும், கூவத்துக்கு அப்பால் புதுப்பேட்டையின் பழைய வாகன உதிரிபாகக் கடைகளைச் சுற்றியும் பூனை பிடிக்கிறேன். கீழே உள்ளவை அங்கே பயன்படும் வழிமுறைகள். உங்கள் ஊருக்கும் பெரிய மாற்றம் தேவைப்படாது.

மருத்துவர் முதலில், கூண்டு பிறகு

பூனையைப் பிடித்து வைத்துக்கொண்டு மருத்துவரைத் தேடாதீர்கள். முதலில் கருத்தடை அறுவை சிகிச்சைக்கு நாள் வாங்குங்கள். தெருப்பூனை என்று தெளிவாகச் சொல்லுங்கள். கைக்கு அடங்காத பூனையைக் கூண்டுக்குள் வைத்தே மயக்க ஊசி போடத் தெரிந்தவராக இருக்க வேண்டும். மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். தையல் தானே கரைந்துபோகும் நூலாக இருக்க வேண்டும், ஏனென்றால் தையல் பிரிக்க இரண்டாம் முறை அந்தப் பூனை உங்களிடம் சிக்காது. பெண் பூனைக்கு வெட்டு விலாப்பக்கம் இருந்தால் நல்லது. காயம் சிவந்திருக்கிறதா, வீங்கியிருக்கிறதா என்று தூரத்தில் நின்றே பார்த்துவிடலாம். மயக்கத்தில் இருக்கும்போதே இடது காது நுனியை நேராகக் கொஞ்சம் வெட்டிவிடச் சொல்லுங்கள். வலி தெரியாது, ஆறியபின் அழகும் கெடாது. இந்தக் காதைப் பார்த்தால் 'இதற்கு ஆகிவிட்டது' என்று எவருக்கும் தெரியும். இல்லாவிட்டால் அடுத்த வருடம் வேறு யாரோ அதே பூனையைப் பிடித்து, மறுபடியும் வயிற்றைத் திறந்து பார்க்க நேரும்.

பிடிப்பது

வளர்ந்த தெருப்பூனையைக் கையால் பிடிக்க முயலவே கூடாது. மிதிபலகை உள்ள பிடிகூண்டு வேண்டும். பூனை உணவுக்காக உள்ளே போய்ப் பலகையை மிதித்ததும் கதவு விழும்.

எந்தப் பூனையும் புதிய இரும்புப் பெட்டியை நம்பாது. அதனால் சில நாட்கள் கதவைத் தூக்கிக் கட்டிவைத்து, தினமும் ஒரே நேரத்தில் அதற்குள்ளேயே உணவு வையுங்கள். முதல் நாள் வாசலில், பிறகு நடுவில், கடைசியில் பின்சுவரை ஒட்டி. கம்பித் தரை அதன் பாதத்துக்குப் பிடிக்காது. செய்தித்தாளை மடித்து விரியுங்கள். கூண்டு ஆடக்கூடாது. ஒரு முறை ஆடினாலே அந்தப் பூனை வாரக்கணக்கில் பக்கத்தில் வராது. சுவர் ஓரமாக, தரை சமமாக உள்ள இடத்தில் வையுங்கள்.

பிடிக்கும் நாளில் வழக்கமான உணவை நிறுத்திவிடுங்கள். அக்கம்பக்கத்தில் சோறு வைப்பவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். சந்தையில் மீன் வெட்டும் அக்காமார்கள் இதில் எனக்குப் பெரிய துணை; "இன்றைக்கு யாரும் தலை, குடல் போடாதீர்கள்" என்று அவர்கள் ஒரு குரல் கொடுத்தால் போதும், வேலை பாதி முடிந்துவிடும். இரைக்குக் கானாங்கெளுத்தித் துண்டு, மத்தி, சுட்ட நெத்திலிக் கருவாடு எதுவும் சரி. வாசனைதான் முக்கியம். சந்தைக்குப் பக்கத்துப் பூனைகளுக்கு மீன் சலித்துப்போயிருக்கும்; அவற்றுக்குப் பொரித்த கோழிதான் எடுபடுகிறது.

கதவு விழுந்ததும் பூனை தாறுமாறாகக் குதித்துக் கம்பியில் மூக்கை இடித்துக்கொள்ளும். தயாராக வைத்திருக்கும் கனமான போர்வையை உடனே கூண்டு முழுவதும் மூடுமாறு போட்டுவிடுங்கள். இருட்டானதும் அரை நிமிடத்தில் அடங்கிவிடும். பிடிகூண்டை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். நாய் வரும், வெயில் ஏறும், யாராவது திறந்துவிடுவார்கள். பார்வை எட்டும் தூரத்தில் ஓரமாக உட்கார்ந்திருங்கள்.

பிடிபட்டது பெண் பூனை என்றால் போர்வையை லேசாகத் தூக்கி அடிவயிற்றைப் பாருங்கள். காம்பு தடித்து, அதைச் சுற்றி முடி உதிர்ந்து வட்டமாகத் தெரிந்தால் எங்கோ குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கின்றன. அப்படியானால் விட்டுவிட்டுப் பின்தொடர்ந்து குட்டிகளைக் கண்டுபிடியுங்கள். ஏசி பெட்டிக்குப் பின்னால், மின்மீட்டர் பலகைக்கு அடியில், தார்ப்பாய் மூடிய காருக்குள், புதுப்பேட்டையில் என்றால் கழற்றிப் போட்ட இருக்கைகளுக்குள். குட்டிகள் தாமாகச் சாப்பிடத் தொடங்கியதும், ஆறு முதல் எட்டு வாரத்தில், தாயையும் குட்டிகளையும் சேர்த்து எடுங்கள்.

சிகிச்சைக்குப் பிறகு மூடிய கூண்டில், நிழலில், சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். தலை ஆடாமல் நிற்கும்வரை தண்ணீரோ உணவோ வேண்டாம். ஆண் பூனையை மறுநாள் விடலாம். பெண் பூனையை இரண்டு மூன்று நாள் வைத்துக் காயத்தைப் பார்த்துவிட்டு விடுங்கள். பிடித்த இடத்திலேயே விட வேண்டும். அரவம் கேட்டாலே ஓடும் வளர்ந்த பூனையை வீட்டுக்குள் அடைப்பது அதற்குச் சிறைதான். வேறு பேட்டையில் விட்டால் அங்குள்ள பூனைகள் அடித்துத் துரத்தும். அது சாலையில் மாட்டிச் சாகும்.

கடி பட்டால் குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். பூனைப் பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்கும். மேலே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சீழ் பிடிக்கும். கீறல்தானே என்று மஞ்சள் வைத்துக்கொண்டு இருப்பவர்களிடம் நான் கோபித்துக்கொண்டே இருக்கிறேன்.

தாயில்லாத குட்டிகள்

குட்டிகள் தனியாக இருப்பதாலேயே தாயில்லை என்று முடிவு கட்டாதீர்கள். அது இரை தேடப் போயிருக்கலாம். குட்டிகளைச் சுற்றிக் கோதுமை மாவை மெல்லிய வளையமாகத் தூவிவிட்டு விலகிவிடுங்கள். சில மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், தாய் வந்திருந்தால் மாவில் உருண்டையான பாதத் தடம் பதிந்திருக்கும். குட்டிகள் வயிறு நிறைந்து ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாலும் தாய் இருக்கிறது. வயிறு ஒட்டி, உடம்பு சில்லிட்டு, ஓயாமல் கத்தினால்தான் எடுக்க வேண்டும்.

எடுத்ததும் பால் கொடுக்காதீர்கள். முதலில் சூடு. குளிர்ந்த உடம்பில் பால் செரிக்காது, கொடுத்தால் செத்துப்போகும். வெந்நீர் புட்டியைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். குட்டியின் வாய்க்குள் விரல் வைத்தால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். அதன் பிறகு, பசும்பால் அல்ல, மருந்துக் கடையிலோ வளர்ப்புப் பிராணிகள் கடையிலோ கிடைக்கும் பூனைக்குட்டிக்கான பால்பொடி. பசும்பால் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். குழந்தையைப் போல மல்லாத்திப் பிடிக்காமல், தாயிடம் குடிப்பதுபோலக் குப்புறப் படுக்கவைத்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் பால் நுரையீரலுக்குள் போகும். முதல் இரண்டு வாரம் இரவும் பகலும் இரண்டு மூன்று மணிக்கு ஒரு தரம். மூன்று வாரம்வரை குட்டிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்கத் தெரியாது. ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிப்பகுதியை மெல்லத் துடைத்துவிட வேண்டும். சமையலறைத் தராசில் தினமும் எடை போடுங்கள். நாளுக்குச் சுமார் 10 கிராம் ஏற வேண்டும். ஒரு நாள் ஏறாமல் நின்றாலே மருத்துவரிடம் ஓடுங்கள்.

நம் ஊரில் எறும்பு பெரிய எதிரி. பால் வாசனைக்கு வரிசை கட்டி வந்து குட்டியின் கண்ணைக் கடிக்கும். பெட்டியை ஸ்டூலின்மேல் வைத்து, ஸ்டூல் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். ஃபினாயிலால் தரை துடைப்பதை நிறுத்திவிடுங்கள். நக்கிச் சுத்தம் செய்யும் பூனைக்கு அது விஷம். நாய்க்கு வைத்திருக்கும் உண்ணி மருந்தும் பாராசிட்டமாலும் பூனையைக் கொன்றுவிடும்.

புதிதாக வந்த குட்டியை வீட்டிலுள்ள பூனைகளிடமிருந்து இரண்டு வாரம் தனி அறையில் வையுங்கள். பார்வோ வகையைச் சேர்ந்த பேன்லூக்கோபீனியா வைரஸ் ஒரு ஈற்றையே ஒரே வாரத்தில் துடைத்துவிடும், தரையிலும் துணியிலும் ஓராண்டுவரைகூட உயிரோடு இருக்கும். சோப்பு அதைத் தொடாது. ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, பிறகு நன்றாக அலசிக் காயவிட வேண்டும். தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம்வரை. வெறிநோய்த் தடுப்பூசி 12 வாரத்தில்.

மனிதக் கைக்குப் பழகும் வயது ஏறக்குறைய இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம்வரை. அந்த நாட்களில் தினமும் மடியில் வைத்து, ஆண் குரல், பெண் குரல், குக்கர் விசில், மிக்சி சத்தம் எல்லாம் கேட்க வையுங்கள்.

வீடு தேடுவது

எட்டு வாரத்துக்கு முன்னால் யாருக்கும் கொடுக்காதீர்கள். முடிந்தால் இரண்டாகக் கொடுங்கள். தனிக்குட்டி விளையாட ஆளில்லாமல் மனிதர்களின் கையையும் காலையும் கடிக்கப் பழகும்.

கேட்டவருக்கெல்லாம் தூக்கிக் கொடுக்க முடியாது, 'இல்லை' என்று சொல்லும் தைரியம் வேண்டும். வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் நான் முடிவு சொல்வேன். வீட்டுக்காரர் சம்மதித்தாரா? பொங்கலுக்கு ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்? பால்கனியில் வலை இருக்கிறதா? மாடியிலிருந்து பூனை விழாது என்று நம்பாதீர்கள். புறாவைத் துரத்திக்கொண்டு ஐந்தாவது மாடியிலிருந்து விழும். வீட்டில் மூத்தவர் ஒருவர் முகம் சுளித்தால், மற்றவர்கள் எவ்வளவு ஆசைப்பட்டாலும் கொடுக்காதீர்கள். பகல் முழுவதும் குட்டியோடு இருக்கப்போவது அந்த மூத்தவர்தான்.

மளிகைக் கடைக்காரர்கள் எலிக்காகக் கேட்பார்கள். எலி விஷம் வைக்கும் கடைக்குப் பூனையைக் கொடுக்கக்கூடாது. விஷம் தின்ற எலியைப் பிடித்துத் தின்றால் பூனையும் போய்விடும்.

சைவக் குடும்பங்கள் சிலர் மிகுந்த அன்போடு வருவார்கள். "தயிர்ச்சாதம் போட்டு வளர்ப்போம்" என்பார்கள். பூனையின் உடம்புக்கு டாரின் என்ற சத்து கட்டாயம் வேண்டும், அது இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. அது கிடைக்காத பூனைக்குக் காலப்போக்கில் கண்பார்வை போகும், இதயத் தசை பலவீனப்படும். வீட்டில் மீன் சமைக்க வேண்டியதில்லை, பூனைக்கான உலர் உணவைப் பாக்கெட்டில் வாங்கிவைத்தால் போதும் என்று சொல்லுங்கள். அதற்கும் மனம் ஒப்பாதவர்களிடம் முயல் வளர்க்கச் சொல்லிவிடுவேன்.

கறுப்புக் குட்டிகள் தங்கிப்போகும். சகுனம் பார்க்கிறார்கள். அவற்றை இருட்டு மூலையில் படமெடுத்தால் இரண்டு கண் மட்டுமே தெரியும். காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம், வெளிர்நிறத் துணியின் மேல் விட்டு, தரையில் படுத்து அதன் கண்மட்டத்தில் படமெடுங்கள். மீசையும் முகவாயும் தெரிய வேண்டும். அதன் குணத்தை எழுதுங்கள். 'தோளில் ஏறித் தூங்கும்' என்ற ஒரு வரிக்காகவே ஆள் வரும்.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எதையும் கொடுக்காதீர்கள். புதிய வீடு, வெடிச்சத்தம், திறந்த கதவு என மூன்றும் சேர்ந்தால் குட்டி ஓடிவிடும், பிறகு கிடைக்காது.

கொடுக்கும் நாளில் முதல் ஒரு வாரம் ஒரே அறையில், மணல் தட்டோடும் பழகிய துணியோடும் வைக்கச் சொல்லுங்கள். மூன்றாம் நாள் பேசுங்கள், மறுவாரம் பேசுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் வைத்துக்கொள்ள முடியாமல் போனால் தெருவில் விடாமல் உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். அந்தத் தாளிலேயே கருத்தடைக்கான தேதியையும் குறித்துவிடுங்கள். தேதி நெருங்கும்போது மருத்துவரிடம் நாள் வாங்குவதையும் அவர்கள் தலையில் போடாதீர்கள், நீங்களே வாங்குங்கள். அன்று காலை கூடையோடு போய் வாசலில் நில்லுங்கள். "அடுத்த மாதம் பார்க்கலாமே" என்பவர்கள்கூட ஆளை நேரில் பார்த்துவிட்டால் குட்டியைக் கொடுத்தனுப்பிவிடுகிறார்கள்.