குன்னூர் ஈரமும் ஆடும் கட்டிலும்

குன்னூரில் ஐப்பசி மழை பிடித்தால் துணிகூடக் காயாது. அந்த ஈரத்தில் எங்கள் பார்ட்டிகிள் போர்டு கட்டில் உப்பி, திரும்பிப் படுத்தாலே கிரீச்சிட்டது. மரத்தூளைப் பசையோடு அழுத்திய பலகை அது; ஒருமுறை உப்பினால் பழையபடி இறுகாது, ஸ்குரூவும் பிடிக்காது. பெரிய ஸ்குரூ போட்டால் ஓட்டைதான் பெரிதாகும். அதனால் மூலைகளில் உள்பக்கமாக எல் வடிவ இரும்புப் பட்டை வைத்து, பலகையை முழுக்கத் துளைத்து 8 எம்எம் போல்ட் செலுத்தி, வெளிப்பக்கம் அகலமான வாஷரோடு நட்டை முடுக்கினேன். ஆட்டம் நின்றது. வெட்டிய ஓரங்களுக்குக் கடைக்காரர் எதுவும் பூசவே இல்லை (கண்ணுக்குத் தெரியாத இடம்தானே!). வெயில் வந்ததும் காயவைத்து அங்கே வார்னிஷ் அடித்தேன். அப்புறம் நடுச்சட்டத்துக்கு ஒரு கால். இப்போது கட்டிலைச் சுவரை ஒட்டிப் போடுவதில்லை. குளிர்ந்த சுவரில்தான் நீர் கோக்கிறது.