அகச்சிவப்புப் படத்தில் ஒரு புள்ளியை ஒரு பேரடை என்று எண்ணாதீர்கள்

ஸ்டார்பர்ஸ்ட் பேரடையைத் தமிழில் ‘நட்சத்திர வெடிப்புப் பேரடை’ என்று எழுதினால் படிப்பவர் சூப்பர்நோவாவை நினைத்துக்கொள்வார். உண்மையில் அங்கே விண்மீன்கள் மளமளவென்று பிறக்கின்றன. நம் பால்வழியில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சூரியன் எடைக்குத்தான் புது விண்மீன்கள் உருவாகின்றன. ஆர்ப் 220 என்ற ஸ்டார்பர்ஸ்ட் பேரடையில் நூறு சூரியனுக்கும் மேல். அந்தப் புது விண்மீன்களின் ஒளியைத் தூசி விழுங்கி அகச்சிவப்பாக வெளிவிடுவதால்தான் ஸ்பிட்சர், ஹெர்ஷெல் போன்ற விண்வெளித் தொலைநோக்கிகளால் இவற்றைத் தேடினோம்.

பெரிய தவறு நடப்பது படத்தைப் பார்க்கும்போதுதான். ஹெர்ஷெலின் கண்ணாடி 3.5 மீட்டராக இருந்தது. ஆனாலும் 500 மைக்ரான் அலைநீளத்தில் அதன் ஒரு புள்ளி வானில் 36 வில்விநாடி அகலம். பத்து பில்லியன் ஆண்டுகளுக்கு முந்தைய பேரடைகளின் தொலைவில் அது ஏறத்தாழ பத்து லட்சம் ஒளியாண்டு. பத்துப் பால்வழிகளை வரிசையாக வைக்கலாம்! இப்படிப் பிரகாசமாகத் தெரிந்த புள்ளிகளை சிலியிலுள்ள ஆல்மா ரேடியோ தொலைநோக்கி கூர்ந்து பார்த்தபோது, பல இரண்டு மூன்று பேரடைகளாகப் பிரிந்தன. அவற்றில் சில ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் முன்னும் பின்னுமாக இருந்தன. இது தெரியாமல் கணக்குப் போட்டால் ஒளிர்வு கூடிவிடும், பேரடைகளின் எண்ணிக்கை குறையும். நெருங்கிய ஜோடிகளும் தொலைந்துபோவதால் பேரடைகள் எவ்வளவு கூட்டமாக இருக்கின்றன என்ற கொத்துக் கணக்கும் கோணலாகும்.

சரி, புள்ளிகளைப் பிரித்தாயிற்று. அப்புறமும் வானில் பக்கத்தில் தெரிவதெல்லாம் கொத்து ஆகிவிடாது. செம்பெயர்ச்சி, அதாவது ஒளி சிவப்பை நோக்கி எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பது, தெரிந்தால்தான் தொலைவு தெரியும். கொத்தை அளக்க, நிஜ ஜோடிகளை, கணினியில் சும்மா தூவிய புள்ளிகளின் ஜோடிகளோடு ஒப்பிடுகிறோம். படத்தின் ஒரு மூலையில் மட்டும் அதிக நேரம் பார்த்திருந்தால் அங்கே மங்கலான பேரடைகள் கூடுதலாகத் தெரியும். தூவும்போதும் அதே ஏற்றத்தாழ்வைக் கொடுக்காவிட்டால் இல்லாத கொத்து முளைத்துவிடும். இதைச் சோதிக்காத முடிவை நான் நம்புவதில்லை.

புலத்தின், அதாவது படமெடுத்த வானப் பகுதியின், அளவையும் பாருங்கள். தொலைதூரப் பேரடைகளைத் தேடி ஆழமாகப் படமெடுத்த கூட்ஸ் (GOODS) புலம் ஒவ்வொன்றும் முழுநிலவின் பரப்பில் கால்பங்குக்கும் குறைவு. அதில் ஒரு பெரிய கொத்து தற்செயலாக விழுந்தாலே சராசரி மாறிவிடும்.

இன்னொன்று, ஒளிர்வு அதிகம் என்பதாலேயே ஸ்டார்பர்ஸ்ட் என்று முத்திரை குத்துவது. இன்று சூரியனைப் போல் லட்சம் கோடி மடங்கு ஒளிரும் பேரடை அபூர்வம். பெரும்பாலும் மோதலில் பிறந்தது. பத்து பில்லியன் ஆண்டுகளுக்கு முன் வாயு ஏராளமாக இருந்ததால், அதே ஒளிர்வு கொண்ட பல பேரடைகள் அக்காலத்தின் சாதாரண வேகத்தில்தான் விண்மீன்களை ஈன்றன. சிலவற்றில் தூசியைச் சூடாக்குவது நடுவிலுள்ள கருந்துளை. 24 மைக்ரான் அகச்சிவப்பு ஒளியை மட்டும் வைத்து, சூடாக்குவது கருந்துளையா விண்மீன்களா என்று பிரித்தறிய முடியாது.