டொக்டரிடம் கேட்காமல் வந்த கேள்வியை ஆராய்ச்சிக்காரரிடம் கேட்பது எப்படி

"வேறேதும் கேட்க இருக்கா?" என்று டொக்டர் கேட்கும்போது "இல்லை டொக்டர்" என்று தலையாட்டிவிட்டு வந்து, திரும்பி வரும் கொழும்பு பஸ் மதவாச்சி தாண்டும்போதுதான் எல்லாக் கேள்வியும் வரிசையாக வரும். பிள்ளை வேண்டி கிளினிக் ஏறியிறங்கின எனக்கு நாலு வருசம் அப்படித்தான் போனது. அதில் சிலவற்றுக்கு டொக்டரிடமும் பதில் இல்லை, ஏனென்றால் ஒருத்தரும் ஆராய்ந்து பார்க்கவில்லை.

அப்படிப்பட்ட கேள்விகளை நோயாளிகளும் டொக்டர்மாரும் ஒரே மேசையில் இருந்து பொறுக்கியெடுக்கும் முறை ஒன்றை பிரிட்டனில் ஜேம்ஸ் லிண்ட் அலையன்ஸ் என்ற அமைப்பு 2004 முதல் நடத்துகிறது. பிள்ளையின்மைக்கு அந்த முறையில் செய்த பட்டியல் 2020 இல் வந்தது. 40 நாடுகளில் இருந்து 388 பேர் 423 கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். ஆண் பக்கம், பெண் பக்கமும் காரணம் தெரியாததும், ஐ.வி.எஃப் (கருவை வெளியில் உருவாக்கிக் கருப்பையில் வைப்பது) போன்ற சிகிச்சைகள், செலவும் வசதியும் நியாயமும் என்று நான்கு பிரிவு, ஒவ்வொன்றுக்கும் பத்துக் கேள்வி. வன்னியில் இருந்து போன கேள்வி அதில் இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

சரி, எப்படி எழுதுவது? ஒரு கொப்பி எடுத்து, வாயில் வந்தபடியே முதலில் எழுதுங்கள். என்னுடையது "ஊசி சூட்டில பழுதாயிருக்குமோ". 2 முதல் 8 பாகைக்குள் வைக்கச் சொன்ன சிகிச்சை ஊசியை சாப்பாட்டுப் பெட்டியில் ஐஸ் போட்டு, சித்திரை வெயிலில் வவுனியாவில் இருந்து முள்ளியவளைக்குக் கொண்டுவந்து திறந்தால், ஐஸ் முழுக்கத் தண்ணீர், பெட்டியின் லேபிள் கழன்று மிதக்கிறது. அந்த முறை சரிவரவில்லை, ஊசியாலா என்று இன்றைக்கும் தெரியாது. அப்புறம் அந்த வரியை "ஆருக்கு, என்ன செய்தால், எதைவிட, என்ன நடக்கும்" என்று உடைக்க வேண்டும். தூரத்து ஊர்களில் ஊசியை வீட்டில் வைத்துப் போடுகிற பெண்களுக்கு, பக்கத்து ஆஸ்பத்திரி ஃப்ரிட்ஜில் வைத்து அங்கேயே போட்டால், பிள்ளை பிறக்கிற வாய்ப்புக் கூடுமா? இப்படி எழுதினால்தான் ஆராய்ச்சிக்காரருக்குக் கை வைக்க இடம் கிடைக்கும். "டெஸ்ட் பொசிட்டிவ் வருமா" என்று நிறுத்தாதீர்கள், கையில் பிள்ளை வருமா என்றே கேளுங்கள்.

ஏற்கெனவே பதில் வந்த கேள்வியா என்றும் பார்க்க வேண்டும். கரு வைத்துவிட்டு வந்தபோது மாமி என்னை மூன்று நாள் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை (பாவம், அவவுக்கும் பயம்). படுத்தே கிடப்பதால் வாய்ப்புக் கூடாது என்று ஆராய்ச்சிகள் முன்னமே சொல்லிவிட்டன. கரு நன்றாக ஒட்டுமென்று கருப்பையின் உள்சுவரைச் சுரண்டிவிடுவதும் அப்படித்தான், 1,364 பெண்களை வைத்துப் பார்த்த 2019 ஆய்வில் சுரண்டினவர்களுக்கும் சுரண்டாதவர்களுக்கும் 26 வீதம் அளவில் ஒரே மாதிரித்தான் பிள்ளை பிறந்தது. மேலதிகமாக எதற்கும் காசு கேட்டால், அதற்கு என்ன ஆய்வு இருக்கிறது என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

கொடுக்கும் இடம்: யாழ் மருத்துவபீடத்தில் இருந்தோ வேறெங்கிருந்தோ கேள்விக்கொத்தோடு வந்தால், கடைசியில் "வேறு கருத்துகள்" என்று விட்டிருக்கிற வெற்று வரியை வெறுமனே விடாதீர்கள். யாரும் வராவிட்டால் கிளினிக்கிலோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ எழுத்தில் கொடுங்கள். ஊர்ப்பெயர் போட வேண்டாம், எங்கள் ஊர்களில் வயதும் ஊரும் தெரிந்தாலே ஆளைப் பிடித்துவிடுவார்கள். மாவட்டம் போதும். உடம்பில் சண்டைக்கால செல் (எறிகணை) துண்டு இருப்பவர்கள் அதையும் எழுதுங்கள், அந்தக் கேள்வியை வேறு நாட்டு ஆள் நமக்காக எழுதமாட்டார்.

கணவரிடம் தனித் தாள் கொடுங்கள். நான் கொடுத்தபோது இவர் ஒரு கிழமை அதைத் தொடவில்லை. பிறகு ஒரே ஒரு வரி: "வயலுக்கு மருந்தடிக்கிற கிழமையில சாம்பிள் குடுக்கலாமா?" நாலு வருசத்தில் ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை. விந்தணு உருவாகி வர இரண்டரை மாதம் அளவில் எடுக்கும் என்பதால், "கிழமை"யை வெட்டி "காலபோகம் முழுக்க மருந்தடிக்கிறவைக்கு" என்று மாற்றினோம்.