ரோட்டோரம் இருக்கறவங்களுக்கு குடியைக் குறைக்க ஆப் போட்டுத் தரும்போது பண்ணக்கூடாத தப்புகள்

சென்னைல நைட் ஷெல்டர்லயும் பிளாட்பாரத்துலயும் இருக்கறவங்களோட வேலை பார்க்கற நிறைய பேர் இப்ப போன்ல ஒரு ஆப் ஏத்திக் கொடுத்து குடியைக் குறைக்க வைக்கலாம்னு இறங்குறாங்க, நல்ல எண்ணம்தான், நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். ஆனா அந்த ஆப் எல்லாம் பூட்டுப் போட்ட வீடு, பக்கத்துலயே சார்ஜர், மாசச் சம்பளம்னு இருக்கறவரை மனசுல வெச்சு செஞ்சது. அதை அப்படியே தூக்கிக் கொடுத்தா சில பேருக்கு உயிருக்கே ஆபத்து, அதனால அதையே முதல்ல சொல்லிடறேன்.

"இன்னிக்கே நிறுத்துங்க, நாள் எண்ண ஆரம்பிங்க"ன்னு ஆப் சொல்லும். வருஷக்கணக்கா தினமும் குடிக்கறவர் சட்டுன்னு நிறுத்தினா ஆறேழு மணி நேரத்துலயே கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், முதல் 2 நாளுக்குள்ள வலிப்பு வரலாம், 2லேர்ந்து 4 நாளுக்குள்ள ஆள் அடையாளம் தெரியாம, இல்லாத பூச்சியைத் தட்டிவிட்டுட்டு உளற ஆரம்பிக்கலாம். ரோட்டோரம் தனியா கெடக்கற ஆளுக்கு இது வந்தா போறவங்க வர்றவங்க ஃபுல் போதைன்னு நெனச்சு தாண்டிப் போயிடுவாங்க. அதனால ஆப் ஏத்தறதுக்கு முன்னாடி "அண்ணே, காலைல எழுந்ததும் கை நடுங்குதா, கொஞ்சம் ஊத்தினாத்தான் நிக்குதா, முன்னாடி எப்பயாவது நிறுத்தினப்ப வலிப்பு வந்துச்சா"ன்னு கேளுங்க. இதுல ஒண்ணுக்கு ஆமான்னு சொன்னாலும் போனை ஓரமா வெச்சுட்டு ஜி.எச். மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க, அங்க மாத்திரை கொடுத்து, வைட்டமின் பி1 போட்டு, பக்குவமா நிறுத்த வைப்பாங்க. காந்தி ஜெயந்தி மாதிரி கடை மூடற நாள்லயும் இவங்களை ஒரு எட்டு போய்ப் பாத்துடுங்க, அன்னிக்கு நிறுத்தறது அவங்க முடிவு இல்ல.

அடுத்தது கணக்கு. ஷெல்டர்ல ஒரு அண்ணன்கிட்ட உட்கார்ந்து ஆப்பைத் திறந்தேன், ஒரு ஒயின் கிளாஸ் படம் போட்டு இன்னிக்கு எத்தனைன்னு கேட்டுச்சு. அவர் மத்தியானம் ஒரு குவாட்டர், சாயந்திரம் கூட்டாளியோட சேர்ந்து ஒரு கட்டிங், அதனால ரெண்டுன்னு அழுத்தினார், ஆப் பச்சைக் கலர் காட்டி பாராட்டிடுச்சு. உண்மைக் கணக்கு என்னன்னா ஒரு டிரிங்க்னு சொல்றது 10 கிராம் ஆல்கஹால், குவாட்டர்னா 180 மில்லி, அந்த அளவுல 42.8 சதவீதம் ஆல்கஹால், ஆல்கஹால் தண்ணியை விட லேசு, அதனால எடையாப் போட்டுப் பார்த்தா 61 கிராம் கிட்ட வருது, அதாவது ஒரு குவாட்டரே ஆறு டிரிங்க், அதுல பாதியான கட்டிங் மூணு. ஆக ஒன்பதை ரெண்டுன்னு எழுதி வெச்சிருக்கு அந்த ஆப்! குவாட்டர், கட்டிங், பீர்னு படம் போட்டு, தமிழ்ல பேசிக் கேக்கற ஆப் இல்லன்னா அதைக் கொடுக்காமலே இருக்கலாம்.

போன் அவங்க கையிலயே இருக்கும்னு நம்பறது இன்னொரு தப்பு. தூங்கும்போது களவு போகும், காசு இல்லாத வாரம் அடகுக்குப் போகும், ரீசார்ஜ் இல்லாம 90 நாள் சும்மா கெடந்தா நம்பரே போயிடும், அப்புறம் அதே நம்பர் வேற யாருக்கோ போய் "நேத்து எவ்வளவு குடிச்சீங்க"ன்னு மெசேஜ் அங்க விழும். ஓடிபி வந்தாத்தான் திறக்கும்னு வெச்சா அதோட கதை முடிஞ்சது. ஒரே போனை ரெண்டு மூணு பேர் வெச்சிருப்பாங்க, அதனால ஸ்கிரீன் மேல குடி பத்தி எதுவும் வராம செட் பண்ணிக் கொடுங்க. எல்லாத்துக்கும் முன்னாடி ஷெல்டர்ல பூட்டு வெச்ச சார்ஜிங் இடம் இருக்கான்னு பாருங்க.

நேரமும் முக்கியம். பொதுவா ஆப் சாயந்திரம் ஏழு மணிக்கு ஞாபகப்படுத்தும், ஆபீஸ் விட்டு வர்றவருக்கு அது சரி. டாஸ்மாக் திறக்கறது மத்தியானம் 12 மணிக்கு, காலைல கூலி வேலைக்கு நின்னு யாரும் கூப்பிடலன்னா அந்த 12 மணிதான் கஷ்டமான நேரம். அப்புறம் ராத்திரி 10 மணி, கடை மூடற நேரம். "குடிக்காம இந்தக் கொசுலயும் வண்டிச் சத்தத்துலயும் எப்படிம்மா தூங்கறது"ன்னு கேட்டா எந்த நோட்டிஃபிகேஷன்கிட்டயும் பதில் கெடையாது, ஒரு கொசுவலையும் படுக்க ஒரு இடமும்தான் பதில். பொம்பளைங்களுக்கு இதோட ராத்திரி பயமும் சேர்ந்துக்கும்.

தயவுசெஞ்சு ஆப்ல வர்ற கணக்கை வெச்சு ஷெல்டர்ல இடம் உண்டு இல்லன்னு முடிவு பண்ணாதீங்க. பண்ணினா ஒருத்தரும் உண்மை சொல்ல மாட்டாங்க. 1992ல நியூயார்க்ல குடியை விட்டாத்தான் வீடுங்கற நிபந்தனையையே எடுத்துட்டு ரோட்டோரம் இருந்தவங்களுக்கு முதல்ல வீட்டைக் கொடுத்துப் பார்த்தாங்க, பெரும்பாலானவங்க வீட்டைத் தக்க வெச்சுக்கிட்டாங்க. அதே மாதிரி ஒரு நாள் சறுக்கினா எண்ணிக்கையை மறுபடி சைபர் ஆக்கற ஆப்பும் வேணாம், நாலு குவாட்டர் ரெண்டு ஆனதும் ஜெயிச்சதுதான்.

ஆப் கொடுத்துட்டு நாம கெளம்பிடறதும் தப்பு. டெலிமானஸ்ங்கற அரசாங்க மனநல உதவி நம்பர் 14416ல ராத்திரி பகல் எந்நேரமும் தமிழ்ல பேசலாம், பட்டன் போனே போதும். குடியை விட நெனக்கறவங்க ஒருத்தருக்கொருத்தர் பேசித் துணையா இருக்கற ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குக் காசு கெடையாது, முதல் தடவை கூடவே போங்க, தனியா அந்த வாசப்படி ஏறக் கூச்சப்படுவாங்க.

நான் சொன்ன அண்ணனோட போன் இப்ப அடகுல இருக்கு. ஷெல்டர் காலண்டர்ல பேனாவால கோடு போடறார், குவாட்டர்னா ரெண்டு கோடு, கட்டிங்னா ஒண்ணு. ஞாயித்துக்கிழமை நான் போனதும் ரெண்டு பேரும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்து என் போன்ல ஏத்திக்கறோம், போன வாரம் செவ்வாய்க்கிழமை கட்டம் காலியா இருந்துச்சு, அதை அவரே விரல் வெச்சுக் காட்டினார்.