கியூஜிஐஎஸ் திறக்கச் சுணங்கினால் செய்யக்கூடாதவை

கொட்டியாரக் குடாவின் கரையோரத்தை வரையப் பழகும் பிள்ளைகள் சிலர் என்னிடம் வந்து போகிறார்கள். ஐகனைக் கிளிக் செய்துவிட்டுப் பிளேன்டீ குடித்து முடிக்கலாம், அவ்வளவு நேரம், வரைபடம் வரையும் மென்பொருளான கியூஜிஐஎஸ் திறக்கச் சுணங்குகிறது. அதற்கு அவர்கள் பார்க்கும் வைத்தியமெல்லாம் எங்கள் காலத்து வைத்தியமேதான். ரேம் போதாது, ஹார்ட்டிஸ்க் பழசு என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விடுவோம்.

அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டோல் செய்வது

எனக்கு இன்னமும் எரிச்சல் வருவது இதில்தான். மூதூரிலிருந்து வரும் ஒரு தம்பி, மென்பொருளை முழுதாக அழித்துவிட்டு டொங்கிள் போட்டுப் புதிதாக இறக்கினான். விண்டோஸுக்கான கோப்பு ஒரு ஜிபிக்கு மேல். மாதக் கடைசி வேறு. பாதியில் டேட்டா முடிந்து, ரீலோட் போட்டு மிச்சத்தை இறக்கினான். எல்லாம் முடிந்து திறந்தால், பழையபடி 'ரிஸ்டோரிங் லோடட் பிளகின்ஸ்' என்ற வரியில் வந்து நின்றது. "அண்ணா, புதுசிலயும் அப்படித்தான் நிக்குது" என்றான். நிற்காமல் என்ன செய்யும்?

நீங்கள் தேடிப்போட்ட பிளகின்கள், அதாவது கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணைநிரல்கள், மென்பொருளோடு சேர்ந்து இருப்பதில்லை. விண்டோஸின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள், உங்கள் அமைப்புகளை வைத்திருக்கும் புரொஃபைல் ஃபோல்டரில் இருக்கின்றன. அன்இன்ஸ்டோல் அந்த ஃபோல்டரைத் தொடாது. புதிய மென்பொருளும் வந்தவுடன் அதையே திறந்து, பிளகின் பட்டியலில் டிக் போட்டிருக்கும் ஒவ்வொன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றும். அதில் ஒன்று பாண்டாஸ், மெட்ப்ளொட்லிப் போன்ற பெரிய நிரல் லைப்ரரிகளைத் தன் நிரலின் முதல் வரிகளிலேயே இழுத்தால், அந்தப் பிளகினை நீங்கள் தொடாத நாளிலும் அதற்காகக் காத்திருக்க வேண்டியதுதான். பிளகினை எழுதியவர் அப்படி இழுக்கும் வரியை (இம்போர்ட்) தேவைப்படும் இடத்தில் வைத்திருக்கலாம். பலர் வைப்பதில்லை.

சரி, என்ன செய்வது? செட்டிங்ஸ் மெனுவில் யூசர் புரொஃபைல்ஸ் போய்ப் புதிதாக ஒன்றை உருவாக்குங்கள். அது நீங்கள் போட்ட பிளகின் எதுவும் இல்லாமல் திறக்கும். டக்கென்று திறந்தால் கோளாறு பழைய புரொஃபைலில். அப்புறம் பழையதைத் திறந்து எஃப்12 அழுத்துங்கள். வரும் பனலில் புரொஃபைலர் பகுதிக்குப் போய் ஸ்டார்ட்டப் என்பதைத் தெரிவுசெய்தால், எந்தப் பிளகின் எத்தனை விநாடி தின்றது என்று காட்டும். தம்பியின் லப்டொப்பில் அதிகம் தின்றது, யாரோ நல்லது என்று சொன்னதால் போட்டு, ஒருநாளும் திறந்து பார்க்காத ஒன்று. டிக்கை எடுத்தோம். ஒரு சதம் டேட்டா செலவில்லை.

புரொஜெக்ட்டின் குற்றத்தைப் பிளகின் தலையில் போடுவது

தொடங்கும்போதே கடைசிப் புரொஜெக்ட்டைத் திறக்கும்படி வைத்திருப்பார்கள். அதன் லேயர்கள், அதாவது வரைபடத் தரவு அடுக்குகள், ஒஃபீஸ் நெட்வேர்க் டிரைவில் இருக்கும். ஆள் நிலாவெளியில் வீட்டிலிருந்து திறப்பார். இல்லாத டிரைவைத் தேடி விண்டோஸ் காத்திருக்க, இவர் பிளகின்களைத் திட்டுவார். ஒப்ஷன்ஸில் ஜெனரல் பகுதிக்குப் போய், தொடக்கத்தில் வெற்றுப் புரொஜெக்ட் வரும்படி மாற்றிப் பாருங்கள். வேகம் வந்துவிட்டால் பிளகின்கள் நிரபராதிகள்.

ஆன்டிவைரஸை நிறுத்துவது

வேண்டாம்.

லப்டொப்பை ஒன் பண்ணிய கையோடு நேரம் பார்ப்பது

முதல் திறப்பு எப்போதும் சுணங்கும். மூடிவிட்டு இரண்டாவது தடவை பாருங்கள்.

கண்ணில் பட்ட டிக்கையெல்லாம் எடுப்பது

மென்பொருளோடு வரும் கருவித் தொகுப்பான புரொசெசிங்கும் பட்டியலில் ஒரு பிளகினாகத்தான் தெரியும். வேகத்துக்காக அதையும் நிறுத்திய ஒரு தங்கச்சி, அடுத்த நாள் பஃபர் (ஓர் இடத்தைச் சுற்றிக் குறித்த தூரத்துக்கு வரையும் வலயம்) போடப் போனால் டூல்பொக்ஸே இல்லை. வெக்டர் மெனுவில் இருந்த ஜியோபுரொசெசிங் கருவிகளும் அதோடு போய்விட்டன. அவரும் இன்ஸ்டோலரைத்தான் இறக்கத் தொடங்கியிருந்தார். நல்லவேளை, பாதி வருமுன் கேட்டார். டிக்கைத் திரும்பப் போட்டால் எல்லாம் வந்துவிடும்.